முதலில் நிற்கட்டும்

1964 மாடல் கார்கள் சந்தைக்கு வந்தபோது, அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம் தன்னுடைய டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஒரு கூடுதல் தொகுப்பை அறிவித்தது. விலை 300 டாலருக்கும் குறைவு, பெயர் ஜிடிஓ. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேற்பட்ட இன்ஜினைப் பொருத்தக்கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் விதி வைத்திருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் அந்த விதியில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். விதி காரின் அடிப்படை மாடலைக் கட்டுப்படுத்தியதே தவிர, வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் கூடுதல் தொகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சந்தின் வழியே பெரிய பான்டியாக் கார்களின் 6.4 லிட்டர் வி-8 இன்ஜின் நடுத்தரக் காருக்குள் நுழைந்துவிட்டது. முதல் ஆண்டில் 32,450 ஜிடிஓக்கள் விற்றன, 1966-இல் 96,946. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் இறங்க, மசில் கார் என்று இன்று உலகம் அறிந்திருக்கும் இனம் உருவாயிற்று. நடுத்தரமான உடல், அளவுக்கு மீறிய இன்ஜின், இளைஞர் கைக்கு எட்டும் விலை: இவ்வளவுதான் அதன் சூத்திரம்.

அந்த இன்ஜினின் குதிரைத்திறன் 325. மூன்று கார்புரேட்டர் வைத்த வகையில் 348. அதே ஆண்டின் மிக எளிய டெம்பெஸ்ட்டில் இருந்தது 140 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் இன்ஜின். இந்த இரண்டு காரிலும் பிரேக் மட்டும் ஒன்றுதான்: நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம். ஓட்டும் சக்தி ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆனபோதும் நிறுத்தும் கருவி கிடந்த இடத்திலேயே கிடந்தது. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டும் என்று கேட்டு வாங்கும் வாய்ப்பு 1967 மாடலில்தான் வந்தது. இப்படிப்பட்ட ஒரு காரை வீட்டுக் கொட்டகையில் வைத்துப் புதுப்பித்து, தினமும் வேலைக்கும் கடைக்கும் ஓட்ட விரும்புகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களில் பலர் இன்ஜினில் தொடங்கி, பெயிண்டில் பணத்தைக் கரைத்து, பிரேக்குக்கு வரும்போது கையிருப்பும் உற்சாகமும் தீர்ந்து நிற்கிறார்கள். வேலை நடக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது. காரின் அடிச்சட்டம், பிரேக், ஸ்டீரிங், டயர், விளக்கு, குளிர்விப்பு ஆகியவை முதலில். குதிரைத்திறனும் பளபளப்பும் கடைசியில். வெறும் எச்சரிக்கை உணர்வால் சொல்வதில்லை இது. காரின் இயந்திர அமைப்பே இந்த வரிசையைக் கேட்கிறது. வீட்டில் வேலை செய்பவரின் கைத்திறனுக்கும் பணத்துக்கும்கூட இதுவே பொருந்துகிறது.

கண்காட்சிக்காகப் புதுப்பித்த கார் டிரெய்லரில் ஏறிப் போய், புல்தரையில் நின்று, டிரெய்லரிலேயே திரும்புகிறது. அதை மதிப்பிடுபவர்கள் திருகாணியின் தலையில் உள்ள முத்திரைவரை பார்ப்பார்கள். தினசரிக் கார் சந்திப்பது வேறு உலகம். மழை, இரவு, சிக்னல் நெரிசல், குளிர்காலக் காலையில் முதல் ஸ்டார்ட், 105 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுற்றியுள்ள இன்றைய கார்கள். ஏபிஎஸ் பிரேக்கும் அகன்ற டயரும் கொண்ட முன்கார் சட்டென்று நிற்கும்போது, 60 ஆண்டுப் பழைய கார் அதே தூரத்துக்குள் நின்றாக வேண்டும். சுமார் 1,600 கிலோ எடையுள்ள ஜிடிஓ மணிக்கு 97 கிலோமீட்டரில் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 575 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய அதுவே போதும். காரை நிறுத்துவது என்றால் அந்த வெப்பம் முழுவதையும் சில நொடிகளில் பிரேக் வாங்கி வெளியே விடுவது என்று பொருள். வேகம் 129 கிலோமீட்டர் ஆனால் ஆற்றல் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் உயர்கிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. இன்ஜினில் கூட்டும் ஒவ்வொரு குதிரைத்திறனும் இந்தக் கணக்கில் பிரேக்கின் தலையில்தான் விழுகிறது.

டிரம் பிரேக் இந்த வெப்பத்தை எப்படித் தாங்குகிறது என்று பார்த்தால் சிக்கல் தெளிவாகும். சுழலும் உருளைக்கு உள்ளே இரண்டு பிறை வடிவ ஷூக்கள் விரிந்து உட்சுவரை அழுத்துகின்றன. வெப்பம் உள்ளேயே அடைபடுகிறது. சூடாகும் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. அதனால் பெடல் இன்னும் ஆழமாகப் போகிறது. லைனிங்கும் மிகச் சூடானால் பிடிப்பு இழக்கிறது. மலைச்சாலையில் இறங்கும்போது மூன்றாவது நான்காவது முறை மிதிக்கையில் பிரேக் இருப்பதே தெரியாமல் போவது இதனால்தான். தேங்கிய நீரில் ஓடினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து தங்கிவிடும். ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருந்தால் கார் ஒருபுறமாக இழுக்கும். டிஸ்க் திறந்த வெளியில் சுழல்கிறது. சூடானால் பேடை நோக்கித்தான் விரியும், தண்ணீரை உதறி எறிந்துவிடும். 1964 முதல் 1972 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தரக் கார்களின் முன்பக்க அமைப்பு ஒரே குடும்பம் என்பதால், பிந்தைய ஆண்டுகளின் டிஸ்க் பிரேக் ஸ்பிண்டில் முந்தைய காரிலும் உட்காரும். வெல்டிங் வேண்டாம், சட்டத்தில் வெட்டு வேண்டாம், போல்ட் வேலைதான். சில வகை டிஸ்க் உள்ளே கொள்ள 14 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 15 அங்குலம் தேவைப்படலாம். அதுவும் நல்லதற்கே: 14 அங்குலத்தில் நல்ல ரேடியல் டயர்களின் தேர்வு இன்று குறைவு. அந்தக் காலத்து பயஸ் பிளை டயர் தார்ச்சாலையின் பள்ளக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு அலையும். ரேடியல் மாற்றி, அதற்கேற்ற கோணங்களில் வீல் அலைன்மென்ட் செய்த கார் நேராகப் போகும். முழுத் திட்டத்திலும் செலவுக்கு மிக அதிகமான பலன் தரும் மாற்றம் இதுவாகத்தான் இருக்கும்.

டிஸ்க்கைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. 1964 ஜிடிஓவின் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் பாதை. எங்காவது ஒரு குழாய் துருப்பிடித்து உடைந்தாலோ, ஒரு வீல் சிலிண்டரின் வாஷர் கிழிந்தாலோ பெடல் தரைவரை போய்விடும். மிஞ்சுவது பின்சக்கரத்தின் பார்க்கிங் பிரேக் மட்டும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரில் முன் ஜோடியும் பின் ஜோடியும் தனித்தனி. ஒன்று போனாலும் மற்றது நிற்கும். ஜெனரல் மோட்டார்ஸ் இதை 1967 மாடலில் கொண்டுவந்தது. 1966-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த தரவிதிகள் 1968 ஜனவரி 1 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கின. சட்டமே தேவை என்று தீர்மானித்த ஒன்றை, அதற்கு முந்தைய காரில் செய்து கொள்வது எப்படிக் கலப்படம் ஆகும்? இரட்டை மாஸ்டர் சிலிண்டர், அழுத்தத்தை முன்பின் பங்கிடும் வால்வு, துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாய், புதிய ரப்பர் ஹோஸ்கள். செம்பு-நிக்கல் குழாய் கைக்கே வளையும் என்பதால் வீட்டில் வேலை செய்பவருக்கு ஏற்றது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏறிய ஆயில் குழாயை உள்ளிருந்தே அரிக்கும், சூட்டில் ஆவியாகிப் பெடலைப் பஞ்சாக்கும். வருடக்கணக்கில் நின்ற காரில் பழைய ஆயிலை வைத்துக்கொண்டு ஒரு தெருகூட ஓட்டக்கூடாது.

குதிரைத்திறன் ஆசை இதே பிரேக்கை நேரடியாகக் கெடுப்பதும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. பவர் பிரேக்கின் உதவி இன்ஜினின் வெற்றிடத்திலிருந்து வருகிறது. நல்ல நிலையில் உள்ள சாதாரண கேம்ஷாஃப்ட் இன்ஜின் ஐடிலில் 17 முதல் 20 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் தரும். பந்தயத்துக்கேற்ற கேம்ஷாஃப்டை மாட்டினால் வால்வுகள் திறந்திருக்கும் நேரம் கூடி, குறைந்த வேகத்தில் அந்த வெற்றிடம் சரிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது உறுமல் கேட்க அழகாக இருக்கும். அதே நேரத்தில் பெடல் கல்லாகிவிடும். கொதிக்கும் நெரிசலில் அந்த இன்ஜின் ஒழுங்காக ஐடில் ஆகாது, பெட்ரோலையும் வாரிக் குடிக்கும். ஓட்டத்தின் பெயரால் நிறுத்தத்தை விற்பது என்று இதைச் சொல்லலாம். தினசரிக் காருக்குத் தொழிற்சாலை தந்த கேமோ, அதற்கு நெருங்கிய மிதமான ஒன்றோ போதும்.

பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் விசை கடைசியில் போய்ச் சேர்வது காரின் அடிச்சட்டத்தில். ஆகவே காரை வாங்கும் முன்பே தொடங்கும் வேலை துருவைத் தேடுவது. ஜிடிஓவின் உடல் தனி, கீழே உள்ள எஃகுச் சட்டம் தனி. பின் அச்சுக்கு மேலாக வளைந்து ஏறும் இடத்திலும், உடல் அமரும் ரப்பர் மவுண்ட்டுகளைச் சுற்றியும் சட்டம் அரிக்கும். டிக்கி தரை, பின் கண்ணாடியின் கீழ்ப்பள்ளம், பின் மட்கார்டின் அடி விளிம்பு ஆகியவையும் பெயர் போனவை. பட்டி பூசி பெயிண்ட் அடித்த பளபளப்பான கார் கண்ணை ஏமாற்றும். சிறு காந்தம் ஏமாறாது, பட்டிக்கு மேல் அது ஒட்டாது. மட்கார்டு, கதவு, தரைத்தகடு எல்லாம் இன்று புதிதாக அச்சடித்துக் கிடைக்கின்றன. தரைத்தகட்டை வெட்டி வெல்டு செய்வதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். சட்டம் அரித்த காரை மட்டும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், முதல்முறை புதுப்பிப்பவர் விட்டுவிட வேண்டும். அரிஸோனா போன்ற வறண்ட மாநிலத்தில் வெயிலில் வெளுத்து, இருக்கையெல்லாம் கிழிந்து கிடக்கும் ஒரு காரே, மிச்சிகனின் உப்புச் சாலையில் ஓடிப் புதுப் பெயிண்டில் மின்னும் காரைவிட நல்ல தொடக்கம். பனிக்கு உப்புத் தூவும் மாநிலத்தில் இருப்பவர் தினசரி என்ற சொல்லைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே குளிர்கால மாதங்களில் கார் உள்ளே நிற்பது அதன் ஆயுளுக்கு நல்லது.

இன்ஜினுக்கு வருவோம். அதைப் பற்றி அக்கறைப்படாதே என்று யாரும் சொல்ல முடியாது. எந்த நோக்கத்துக்காகப் பிரிக்கிறோம் என்பதுதான் கேள்வி. 1964 ஜிடிஓ இன்ஜினின் அழுத்த விகிதம் 10.75-க்கு 1. அக்காலத்து ஈயம் கலந்த உயர்தர பெட்ரோலுக்காக அமைத்தது. இன்று அமெரிக்க பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் அது நாக்கிங் செய்யும். தொடர்ந்து நாக்கிங் செய்தால் பிஸ்டன் உடையும். ரீபோர் செய்யும்போதே குழிவான பிஸ்டன் போட்டு விகிதத்தை 9.5 அளவுக்கு இறக்கினால் சில குதிரைத்திறன் போகும், கோடை மதியத்திலும் கவலையின்றி ஓடும் இன்ஜின் கிடைக்கும். ஈயத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது: வெளியேற்று வால்வு தன் இருக்கையோடு ஒட்டித் தேயாமல் காப்பது. சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் அமெரிக்காவில் 1996 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டதால், ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பும்போதே கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்திவிடுவது நல்லது. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கரைக்கும். அவற்றை மாற்றாமல் விடுவது தீயோடு விளையாடுவது. தட்டையான டேப்பெட் கொண்ட பழைய கேம்ஷாஃப்ட்டுக்கு எண்ணெயில் துத்தநாகக் கலவை அதிகம் வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காக்க இன்றைய எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள் என்பதால் பழைய இன்ஜினுக்கான எண்ணெயைத் தேடி வாங்க வேண்டும்.

பான்டியாக்குக்கே உரிய பலவீனங்களும் உண்டு. டைமிங் செயினின் கேம் பல்சக்கரத்தில் சத்தம் குறைய நைலான் பற்கள் வைத்திருந்தார்கள். ஆண்டுகள் ஆக அவை நொறுங்கி எண்ணெய்த் தொட்டியில் விழுந்து எண்ணெய் பம்ப்பை அடைக்கும். அடையாளம் எதுவும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும் கார் நடுச்சாலையில் நின்றுபோக இது ஒன்று போதும். முழு எஃகுச் சக்கரம் போட்டுவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. வாட்டர் பம்ப்புக்குப் பின்னால் உள்ள பிரிப்புத் தகட்டுக்கும் சுழலும் இறக்கைக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டால், புது ரேடியேட்டர் வைத்தும் நெரிசலில் சூடேறும். அந்தத் தகட்டைத் தட்டி நெருக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதை அறியாதவர்கள் பெரிய ரேடியேட்டர், இன்னும் பெரிய ஃபேன் என்று செலவு செய்துகொண்டே போகிறார்கள். ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், நிற்கும் காரில் ஃபேன் சுற்றியிருக்கும் காற்றைக் கலக்குமே தவிர ரேடியேட்டர் வழியாக இழுக்காது.

நெடுஞ்சாலையில் இந்தக் கார்களின் அலறலுக்குக் காரணம் ஓவர்டிரைவ் இல்லாமை. பின் அச்சு விகிதம் 3.55 உள்ள காரில் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1981-இல் கொண்டுவந்த 200-4ஆர் என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கின் கூட்டில் பான்டியாக் இன்ஜினுக்கான போல்ட் துளைகளும் உண்டு. அதன் கடைசி கியரில் அதே வேகத்துக்கு 2,000 சுற்று போதும். காது, பெட்ரோல், இன்ஜின் ஆயுள் மூன்றும் பிழைக்கும். மின்சார வேலையில் முதலில் வயரிங்கை முழுக்க மாற்ற வேண்டும், ஏனென்றால் 60 ஆண்டு வெப்பத்தில் உறை மொறுமொறுப்பாகி உதிர்ந்திருக்கும். பாயின்ட்டுக்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடங்கும் மின்னணுப் பற்றவைப்பு, ரிலே வைத்த ஹெட்லைட், கொஞ்சம் பெரிய ஆல்டர்னேட்டர். பின்னால் வரும் ஓட்டுநருக்கு இந்தக் காரின் மங்கிய சிவப்பு விளக்கு எரிவதே தெரியாமல் போகலாம். பின் கண்ணாடியின் நடுவில் உயரமாக ஒரு மூன்றாவது பிரேக் விளக்கு வைப்பதை அமெரிக்க அரசு 1986 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கியது. சில டாலர் செலவில் பழைய காரிலும் அதைப் பொருத்திவிடலாம்.

இதையெல்லாம் கேட்கும் பழமைப் பற்றாளர்களின் மறுப்பு வலுவானது: டிஸ்க்கும் ஓவர்டிரைவும் மின்னணுவும் வைத்தபின் அது 1964-இன் காரா? வரலாற்றுப் பொருளை மாற்றக்கூடாது என்ற கருத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கருத்துக்கு உரிய கார்கள் உண்டு. 1964, 1965 ஆண்டுகளின் ஜிடிஓ, லெமான்ஸின் கூடுதல் தொகுப்பு மட்டுமே என்பதால் காரின் அடையாள எண்ணைப் பார்த்து அது ஜிடிஓதானா என்று சொல்ல முடியாது. 1966-இல்தான் தனி மாடலாகி எண்ணிலும் தெரியத் தொடங்கியது. தொழிற்சாலை ஆவணமும் பிறந்தபோதிருந்த இன்ஜினும் சேர்ந்திருக்கும் அரிய கார் ஒன்று கையில் இருந்தால், அதைத் தினசரிக் காராக்காமல் விடுவதே நேர்மை. அப்படி இல்லாத ஒரு டெம்பெஸ்ட்டோ லெமான்ஸோ அதே உடல், அதே சட்டம், அதே இன்ஜின் ஏற்கும் இடம் எல்லாம் கொண்டது. விலை குறைவு, மாற்றினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஜிடிஓவிலேயே செய்தாலும், மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை போல்டால் மாட்டிக் கழற்றக் கூடியவை. டிரம், மாஸ்டர் சிலிண்டர், கார்புரேட்டர், பழைய கியர்பாக்ஸ் ஆகியவற்றை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்து, காரோடு அடுத்த உரிமையாளருக்குக் கொடுத்துவிடலாம். மாறாக, இன்ஜின் பிளாக்கை மீள முடியாதபடி குடைவதும், பெரிய சக்கரத்துக்காக மட்கார்டை வெட்டுவதும் திரும்பப் பெற முடியாத இழப்பு. பழமையைக் காப்பவர் கோபப்பட வேண்டியது அங்கேதான்.

அதைவிடக் கனமான மறுப்பு பாதுகாப்புப் பற்றியது. இன்றைய காரில் செல்லலாமே, ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வகம் 2009-இல், தனது 50-ஆம் ஆண்டில், ஒரு 1959 செவ்ரோலே பெல் ஏரையும் 2009 மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் ஓரமாக மோத விட்டது. கனமான எஃகுக் காரில் இருந்த பொம்மை ஓட்டுநரின் இடம் நசுங்கிப் போனது. மனிதராக இருந்தால் இறந்திருப்பார். மாலிபுவின் ஓட்டுநருக்குக் காலில் காயம் நேர்ந்திருக்கும். பெல் ஏரின் எக்ஸ் வடிவச் சட்டம் பலவீனமானது, பிந்தைய கார்கள் அப்படியல்ல என்று சிலர் வாதிடுவார்கள். 1964 ஜிடிஓவின் சட்டம் வேறு வகைதான், ஆனால் அதன் ஸ்டீரிங் கம்பமும் மடங்காத ஒற்றைத் தண்டு. தலைசாய்ப்பு கிடையாது, இடுப்புக்கு மட்டும் பெல்ட். 1967 மாடல் முதல் வந்த மடங்கும் ஸ்டீரிங் கம்பத்தைப் பொருத்தலாம். தோள்பட்டை பெல்ட்டை உடலின் உள்தகட்டைப் பலப்படுத்தி வைக்கலாம். இருந்தும் மோதலை உறிஞ்சும் இன்றைய உடலை யாரும் வீட்டில் செய்துவிட முடியாது. இந்த உண்மையை மூடி மறைக்கக்கூடாது. இதிலிருந்து பெறும் முடிவைத்தான் நான் வலியுறுத்துகிறேன்: மோதினால் இந்தக் கார் காப்பாற்றாது என்பதால், மோதாமல் இருப்பதற்கான எல்லாவற்றிலும் முதல் டாலரைப் போட வேண்டும். பிரேக், டயர், விளக்கு, ஸ்டீரிங் ஆகியவை அந்த வேலைக்கானவை. குழந்தைகளை ஏற்றிச் செல்லும் கார் வேறாக இருப்பது நல்லது. இந்தக் காரை விரும்புகிறவர் அந்த வரையறையை முதலிலேயே ஏற்க வேண்டும்.

புகையும் பெட்ரோலும் பற்றிய மறுப்புக்கு முழுப் பதில் இல்லை. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வருவதற்கு முந்தைய இந்த இன்ஜின் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே அமரும் ஃபியூவல் இன்ஜெக்ஷன், ஓவர்டிரைவ், சரியான பற்றவைப்பு மூன்றும் அதைக் கணிசமாகச் சீராக்கும். ஆனால் இன்றைய காருக்கு இணையாகாது. கலிஃபோர்னியா 1975-ஆம் ஆண்டு வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது என்பதற்காக அலட்சியமாக ஓட்டுவது சரியில்லை. காப்பீட்டிலும் ஒரு கண் வேண்டும். பழங்காருக்கான மலிவான பாலிசிகள் பொதுவாகத் தினசரி வேலைக்குப் போய்வரும் பயன்பாட்டை ஏற்பதில்லை, பல மாநிலங்களின் பழமை நம்பர் பிளேட்டும் அப்படியே. மறைத்து ஓட்டிவிட்டு விபத்துக்குப் பின் சிக்குவதைவிட, சாதாரணக் காராகப் பதிவு செய்து அதற்குரிய பிரீமியம் கட்டுவதே நல்லது.

வீட்டில் செய்ய முடியுமா என்ற கேள்வி இந்த வரிசையில் எளிதாகிறது. டிஸ்க், குழாய், மாஸ்டர் சிலிண்டர், புஷ், பால் ஜாயின்ட், வயரிங், ரேடியேட்டர், தரைத்தகடு என்று முன்னால் வரும் வேலைகள் அனைத்தும் சாதாரணக் கருவிகளுக்கு அடங்குபவை, உதிரிகளும் தாராளம். ரீபோர், கிராங்க் கிரைண்டிங், வீல் அலைன்மென்ட் ஆகியவை மட்டும் பட்டறைக்குப் போகின்றன. முழுக் காரையும் ஒரே நேரத்தில் அக்குவேறு ஆணிவேராகப் பிரித்துப் பெட்டிகளில் நிரப்பினால், பணமோ நேரமோ நின்றுபோகும் நாளில் அது வெறும் உதிரிகளின் குவியலாகிவிடும். விற்பனைக்கு வரும் அரைகுறைக் கார்களில் பல இந்தக் கதையைத்தான் சொல்கின்றன. ஒரு பகுதியை முடித்து, ஓட்டிப் பார்த்து, அடுத்ததைத் தொடும் முறையில் கார் எப்போதும் காராகவே இருக்கும். சில ஆபத்துகளை மட்டும் வீட்டிலிருப்பவர் மறக்கக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகக்கூடாது. ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஆகவே தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கடினப்படுத்தி கலக்கும் நவீன பெயிண்ட்டுகளில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிக்கவே கூடாது.

அந்தப் பெயிண்ட்தான் கடைசி வேலை. பெரும்பாலான திட்டங்களில் டிங்கரிங்கும் பெயிண்டுமே பட்ஜெட்டை அதிகம் விழுங்குகின்றன. காரை ஒரு மீட்டர்கூட முன்னதாக அவை நிறுத்துவதில்லை. மங்கிய பெயிண்ட் காரின் மதிப்பைக் கொன்றுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். 1968-இல் வெளியான 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங் ஜிடி, 1970-களில் ஒரு குடும்பத்தின் அன்றாடக் காராக ஓடியது. கீறலும் சொட்டையும் துருவும் மறைக்கப்படாமலே 2020 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஏலத்துக்கு வந்து, கட்டணம் நீங்கலாக 34 லட்சம் டாலருக்குப் போனது. எல்லாக் காருக்கும் சினிமாப் புகழ் வராது என்பது உண்மைதான். ஆனால் ஓட்டியதன் தடம் தெரிவதாலேயே கார் கெட்டுவிடுவதில்லை என்பதற்கு இது போதும். தினசரி ஓடத் தொடங்கிய முதல் ஓராண்டில் டாஷ்போர்டை ஒன்றிரண்டு முறை கழற்ற நேரும், மட்கார்டு இறங்கும், பானெட் பலமுறை ஏறி இறங்கும், எங்கோ ஒரு கசிவைத் தேடிக் கதவின் உட்பலகை வெளியே வரும். அதெல்லாம் நின்று, இரண்டு மழைக்காலம் கடந்தும் தரைவிரிப்பு நனையவில்லை என்று உறுதியானபின் பெயிண்டருக்கு முன்பணம் கொடுக்கலாம்.